நிறுத்தப் போகிற பெர்ரியில் வேலை செய்யும் மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். பாடாங் செராயில் விடாத மழை, ரப்பர் பால்வெட்டு நின்று கிடக்கிறது. கூரைத் தகரத்தைச் சித்தப்பா வந்து மாற்றிக் கொடுத்தார். அம்மா மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். நீ எஞ்சின் வேலை பார்க்கும், காரும் லோரியும் ஏற்றும் பெர்ரியை வருசக் கடைசியில் நிறுத்தப் போகிறார்கள் என்று அக்கா சொன்னாள். அவளிடம் சொன்னதை எங்களிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சரி, அது இருக்கட்டும். வேலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், நிதானமாகப் படி.

பெர்ரிக்கு மோசமான காலம் அதன் கடைசி ஆறு மாதம். "இன்னும் கொஞ்ச நாள்தானே" என்ற பேச்சு ஆபீஸில் கிளம்பி எஞ்சின் ரூம் வரைக்கும் இறங்கிவிடும். எந்த முதலாளியானாலும் அப்போது கப்பல் இரும்புக்குப் பதிலாகத் தான் அரித்துப் போகும் சிங்க் கட்டை வாங்க யோசிப்பார், எண்ணெய் ஓடும் ஹோஸ் வாங்க யோசிப்பார், பழுது பார்க்கக் கப்பலை டாக்கில் ஏற்றுவதைத் தள்ளிப் போடுவார். ஏறுகிற லோரியின் பாரம் மட்டும் குறையவே குறையாது.

முதலில் வண்டிகள் ஏறி இறங்கும் ரேம்ப்பைப் பார். லோரியின் முன்சக்கரம் ஏறும்போது ரேம்ப் மடங்கும் கீலில் 'டொக்' என்று சத்தம் கேட்டால் கீலின் இரும்பு ஆணி தேய்ந்து துளை பெரிதாகிவிட்டது. கிரீஸ் அடித்து அந்தச் சத்தத்தை மறைக்கலாம், தேய்மானம் அப்படியேதான் இருக்கும். வயர் ரோப்பில் பழந்துணியைச் சுற்றி மெதுவாக இழுத்துக்கொண்டே போ. அறுந்த இழை முள்ளாகத் துணியைப் பிடிக்கும். கப்பியில் மடங்கி ஓடும் இடத்தில்தான் அதிகம் பிடிக்கும். ஹைட்ராலிக் ஹோஸ் பெரும்பாலும் இரும்பு மூட்டுக்குப் பக்கத்தில்தான் வெடிக்கும். ரப்பருக்குள்ளே இருக்கும் கம்பி வலை கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் அந்த ஹோஸ் அன்றோடு முடிந்தது. கசிவைக் கையால் தடவிப் பார்க்காதே. ஊசித்துளை வழியாக வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், விரலையே எடுக்க வேண்டி வரும். அட்டைத் துண்டை நீட்டிப் பார். லாக் பின் போடாத ரேம்ப்புக்கு அடியில் ஒரு நிமிசம்கூட நிற்காதே.

அடுத்தது கார் தளத்தில் தண்ணீர் வடியும் ஓட்டைகள். லோரி டயர் கொண்டுவரும் மண், செம்பனை நார், பிளாஸ்டிக் எல்லாம் சேர்ந்து அடைக்கும். 40 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலத் தளத்தில் 1 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றாலே கிட்டத்தட்ட 5 டன். 5 சென்டிமீட்டர் நின்றால் 24 டன். அந்தப் பாரம் ஓர் இடத்தில் நிற்காது, கப்பல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஓடிச் சாய்வைக் கூட்டும். சின்னத் தூரம், அலையில்லாத தண்ணீர் என்று இதில் அலட்சியம் கூடாது. கனமான லோரி நடுக்கோட்டில், கார்கள் இரண்டு ஓரமும். இறக்கும்போதும் ஒரே பக்கத்தைக் காலி பண்ண விடாதே. இது தெரிந்ததுதானே என்பாய். தெரிந்ததைத்தான் கடைசி மாதத்தில் விட்டுவிடுவார்கள்.

கப்பலின் இரும்புத் தகட்டைப் பெயிண்டைப் பார்த்து நம்பாதே. அதன் கனத்தை அல்ட்ராசோனிக் மீட்டரால் அளந்த பழைய ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கு. 20 முதல் 25 சதவீதம் தேய்ந்தால் மாற்றுவதுதான் பொதுவான வழக்கம். 10 மில்லிமீட்டர் தகடு 7.5க்கு வந்துவிட்டால் அதன் மேல் ஒட்டுத் தகடு வைத்து நாளைக் கடத்தக் கூடாது. நீர்மட்டக் கோடு, ரேம்ப் கீலுக்கு அடி, டயர் ஓடும் தடம், இவைதான் முதலில் போகும். சிங்க் கட்டையின் மேல் யாராவது பெயிண்ட் அடித்திருந்தால் சுரண்டி எடுத்துவிடு, பெயிண்ட் மூடிய சிங்க் கட்டை எதையும் காப்பாற்றாது.

இனி எழுதுவதற்காகத்தான் இந்தக் கடிதமே. நிறுத்துவதற்கு முன் வாய்டு டாங்கிகளை, அதாவது கப்பலுக்குள் வெறுமையாக மூடிக் கிடக்கும் அறைகளை, திறந்து பார்க்கச் சொல்வார்கள். தனியாக இறங்காதே. மூடிக் கிடந்த டாங்கியில் இரும்பு துருப்பிடிக்கும்போது உள்ளே இருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். காற்றில் இருக்க வேண்டியது 20.9 சதவீதம். மிகவும் குறைந்துவிட்டால் ஒன்றிரண்டு மூச்சிலேயே மயக்கம் வரும். வாடை இருக்காது, மூச்சு முட்டாது, எச்சரிக்கையே கிடையாது. இரண்டு மேன்ஹோலையும் திற, காற்றடிக்கும் புளோவரைப் பல மணி நேரம் ஓட்டு, கேஸ் மீட்டரைக் கயிற்றில் கட்டி மேலே, நடுவே, அடியில் மூன்று இடத்திலும் அள. நீ உள்ளே இருக்கும்வரை புளோவர் ஓட வேண்டும், மேன்ஹோல் வாயில் ஓர் ஆள் நகராமல் நிற்க வேண்டும். உள்ளே ஒருவன் விழுந்தால் காப்பாற்றுகிறேன் என்று பின்னாலேயே குதிக்காதே. இப்படிப்பட்ட விபத்துகளில் பின்னால் குதித்தவர்கள் பலர் உயிரை விட்டிருக்கிறார்கள். உன் குணம் எனக்குத் தெரியும், நீ குதிப்பாய். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

பினாங்கில் நடந்ததைப் பார். கார் ஏற்றும் பெர்ரி அங்கே 1925லேயே ஓட ஆரம்பித்துவிட்டது. 1985இல் பினாங்குப் பாலம் திறந்ததும் இனி பெர்ரி எதற்கு என்றார்கள். அதற்குப் பிறகும் 35 வருசம் கார் ஏற்றினார்கள். கடைசி வருசங்களில் பட்டர்வொர்த் பக்கம் ஏறும் காருக்கு 7 வெள்ளி 70 காசு, திரும்பும்போது காசு இல்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போக நம் தோட்டத்து ஜனங்களை ஏற்றிப் போனதும் அவைதான். புலாவ் ரிமாவ், புலாவ் ஊண்டான், புலாவ் அங்சா என்று தீவுப் பெயர் வைத்த கப்பல்கள். 2021 ஜனவரி 1 முதல் கார் ஏற்றுவதில்லை. 2023 ஆகஸ்டில் வந்த நான்கு புதிய பெர்ரிகள் ஒவ்வொன்றிலும் 250 பேரும் 50 மோட்டார் சைக்கிளும் போகலாம், காருக்கு இடமில்லை. 1988 ஜூலை 31 அன்று 32 பேர் இறந்தது கப்பலில் இல்லை, பட்டர்வொர்த் ஜெட்டி இடிந்து விழுந்ததில். அதனால் கப்பலோடு கரையில் இருக்கும் ஜெட்டியையும் பார்த்துக்கொள்.

நிறுத்திய பிறகும் வேலை முடியாது. கட்டிப் போட்ட கப்பல் கட்டிய இடத்திலேயே மூழ்கும். ஓட்டைகள் அடைத்துக்கொண்டு மழைத்தண்ணீர் தளத்தில் நிற்கும். பேட்டரி இறங்கி, கப்பல் அடியில் தேங்கும் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்ப் ஓடாது. கடல் வால்வு ஒன்றை யாரோ பாதி திறந்து விட்டிருப்பார்கள். எல்லா வால்வையும் மூடி, கம்பி கட்டி, சீட்டு மாட்டு. பில்ஜ் தண்ணீரின் உயரத்தைத் தினமும் நோட்டில் எழுது. உடைக்கக் கொண்டுபோனால் டீசலும் அழுக்கு எண்ணெயும் இறக்கி, கேஸ் இல்லை என்று சான்றிதழ் வந்த பிறகுதான் கட்டிங் டார்ச். காவலுக்கு உன்னை மட்டும் தனியாக வைத்தால் முடியாது என்று சொல்லிவிடு. டாங்கிக்குள் தனியாக இறங்காதே என்பதை மறுபடியும் எழுதுகிறேன்.

நம் தோட்டத்து லயத்திலிருந்து கப்பல் எஞ்சின் டிக்கெட், அதாவது தகுதிச் சான்றிதழ், எடுத்த முதல் பிள்ளை நீ. வருகிறவர் எல்லாருக்கும் அம்மா அதைக் காட்டுகிறாள். அந்தப் பிள்ளை தீபாவளிக்குப் பிறகு ஒரு போன் போடவில்லை என்று அவர்களிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கப்பல் நிற்பது உன் தவறில்லை. அதை மறைக்க வேண்டிய விஷயமாக நினைக்காதே.

நீ கப்பலில் வேலை பார்த்ததற்கான கடல் சேவைக் கடிதத்தில் தேதி, எஞ்சின் கிலோவாட், உன் பதவி எல்லாம் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் இப்போதே வாங்கிவிடு. ஆபீஸைக் காலி பண்ணிய பிறகு கையெழுத்துப் போட ஆள் கிடைக்காது, அடுத்த டிக்கெட்டுக்கு ஜபாத்தான் லாவுட் என்ற கடல் இலாகாவில் அதைத்தான் முதலில் கேட்பார்கள். வேலை போனால் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் வேலைக் காப்புறுதி இருக்கிறது, 60 நாளுக்குள் மனு போட வேண்டும். நிறுத்தக் கடிதம், சம்பளச் சீட்டு இரண்டையும் போனில் படம் எடுத்து வை. மாதாமாதம் சம்பளம் ஒழுங்காக வருகிறது என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அம்மாவின் சீட்டு பிப்ரவரியில் விழுகிறது. இங்கே அதற்கு அவசரச் செலவு எதுவும் இல்லை.

கோத்தா கினபாலுவிலிருந்து விமானம் ஏறிப் பினாங்கின் பாயான் லெப்பாஸில் இறங்கினால் மைவி காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். பெர்ரியில் கார் போகாது, பாலத்து வழிதான். சாயங்காலம் அங்கே நெரிசல், அதனால் காலை விமானமாகப் பார்த்து எடு. எந்தத் தேதி என்று அக்காவிடம் சொல்லாதே, அம்மாவுக்கே போன் பண்ணிச் சொல்.

அன்புடன்
அப்பா