பயிற்சியாளரைப் பயிற்சியாளர் என்றே எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்கக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் பாட் சம்மிட் பற்றிய கட்டுரையைப் படித்தேன். ஒரு பெண் பயிற்சியாளருக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியதே பெரிய விஷயம், நன்றி. ஆனால் கடைசிப் பத்தியில் "பயிற்சியாளர் என்பதைவிட அவர் ஒரு தாய்" என்று வருகிறதே, எந்த ஆண் பயிற்சியாளரையாவது "அவர் ஒரு தகப்பன்" என்று எழுதி முடித்திருக்கிறீர்களா?

1,098 ஆட்டங்கள் ஜெயித்தவர் ஐயா அவர். டென்னசி பல்கலைக்கழகத்துக்கு 8 தேசியப் பட்டங்கள் வாங்கிக் கொடுத்தவர். தப்பு செய்த பெண்ணை அவர் முறைத்த முறைப்பு ஊரறிந்தது. சரி, தாய்மை பற்றித்தான் எழுதவேண்டும் என்றால் 1990-இல் நடந்ததை எழுதியிருக்கலாமே, உங்களுக்குத் தெரியாததா? ஒரு பள்ளி மாணவியைத் தன் அணிக்குச் சேர்க்க நிறைமாத வயிற்றோடு விமானம் ஏறிப் போனார், போன இடத்தில் பிரசவ வலி வந்துவிட்டது. திரும்பும் வழியில் வர்ஜீனியா மாநிலத்தில் இறக்கட்டுமா என்று கேட்ட விமானியிடம் முடியாது என்றுவிட்டார். அந்த வருஷம் அவர் அணியைத் தோற்கடித்து போட்டியிலிருந்து வெளியே அனுப்பியது வர்ஜீனியா பல்கலைக்கழக அணி!

1974-இல், 22 வயதில், மாதம் 250 டாலர் சம்பளத்துக்கு வேலையில் சேர்ந்தவர் வேன் ஓட்டினார், அணியின் ஜெர்சிகளையும் அவரே துவைத்தார். அதற்குக் கட்டுரையாளர் வைத்த பெயர் "எளிமை". துவைக்க ஆள் போடவில்லை, அவ்வளவுதான். நானும் 26 வருஷம் பள்ளியில் மாணவிகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்தவள். பையன்கள் போட்டுக் கழித்த ஜெர்சிதான் எங்களுக்கு வரும். கைப்பக்கம் தொளதொளவென்று தொங்கும், பிள்ளைகள் ஊக்குக் குத்திக்கொண்டு ஆடுவார்கள். ஒருமுறை நடுவர் ஊக்கோடு ஆடக்கூடாது என்று சொல்லிவிட (அவர் சொன்னது நியாயம்தான்), பத்து நிமிஷம் கெஞ்சி வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்து ஐந்து ஜெர்சிக்கும் நூல் ஓட்டினேன். ஏழாம் நம்பர் பெண்ணுக்கு உடம்போடு வைத்தே தைத்தேன், அசையாமல் நின்றாள் பாவம். பந்தும் அப்படித்தான், சொரசொரப்பெல்லாம் போய் வழுக்கையான பிறகுதான் எங்கள் கைக்கு வரும். பையன்கள் ஆடி முடித்து, இருட்டத் தொடங்கியபின் மைதானம் எங்களுடையது. பி.டி. பீரியடைக் கணக்கு மிஸ் கடன் வாங்குவது தனிக்கதை, வாங்கிய கடனைத் திருப்பித் தந்ததே இல்லை.

இன்னொன்று. அமெரிக்காவில் 1972-இல் டைட்டில் நைன் சட்டம் (அரசுப் பணம் வாங்கும் கல்வி நிலையங்களில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்ற சட்டம்) வருவதற்கு முன்னால் கல்லூரிப் பெண்கள் அணிகளுக்குப் பயிற்சி கொடுத்தவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் பெண்கள். சட்டம் வந்தது, அப்புறம் பணம் வந்தது, பின்னாலேயே ஆண்கள் வந்தார்கள். இப்போது பாதிகூடப் பெண்கள் இல்லை. சம்பளம் இல்லாதவரை அது அம்மா வேலை போலிருக்கிறது. சம்மிட் படித்த காலத்தில் உள்ளூர்ப் பள்ளியில் பெண்கள் அணியே கிடையாது, மகள் ஆடவேண்டும் என்பதற்காகக் குடும்பமே பக்கத்து ஊருக்கு வீடு மாறியது. இதற்கெல்லாம் இடம் இல்லாத கட்டுரையில் அவருடைய புன்னகைக்கு ஒரு முழுப் பத்தி.

உங்களிடம் நான் கேட்பது ரொம்பச் சின்ன விஷயம், ஏற்கெனவே இரண்டு கடிதத்தில் கேட்டதுதான். பள்ளி விளையாட்டு முடிவுகளில் பையன்களுக்கு ஸ்கோர், கேப்டன் பெயர், பயிற்சியாளர் பெயர் எல்லாம் போடுகிறீர்கள். கீழே "மாணவியர் பிரிவிலும் இதே பள்ளி வென்றது" என்று ஒற்றை வரி. என்ன ஸ்கோர், யார் பயிற்சி கொடுத்தது என்று அடுத்த இதழிலிருந்தாவது போடுங்கள். மார்ச் 8-க்கு "சாதனைப் பெண்மணி" படம் கேட்டு உங்கள் அலுவலகத்திலிருந்து போன் செய்கிறவர்களிடம் சொன்னால் அவர்களே பெயர்களை வாங்கித் தந்துவிடுவார்கள், நம்பர் எல்லாம் அவர்களிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற கூடைப்பந்துப் பயிற்சியாளர்