பெட்டியைக் கட்டும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடு, தம்பி

அன்புள்ள தம்பி,

சேர்ந்து கேம் ஆடும் நம் குழுவான கில்டுக்கு நீ எழுதிய திட்டத்தை முழுவதும் படித்தேன். 24 மணி நேரம் விடாமல் கேம் ஆடி அதை இணையத்தில் நேரலையாகக் காட்டும் ஸ்ட்ரீம், வரும் தொகையில் பாதி குழந்தைகள் மருத்துவமனைக்கு, மீதியில் வெளிநாட்டு முகாம்களில் இருக்கும் அமெரிக்கப் படைவீரர்களுக்கு கேம் ஆடும் கருவியான கன்சோலும் கேம்களும். நம்மோடு ரெய்டு என்னும் கூட்டு ஆட்டத்துக்கு வந்துகொண்டிருந்தவர் ராணுவப் பணிக்குக் கிளம்பிப் போனதிலிருந்து இந்த யோசனை உன் மனதில் ஓடுகிறது என்பது எனக்குத் தெரியும். நல்ல யோசனை. நான் முழு மனதோடு உன் பக்கம் நிற்கிறேன். கில்டு சாட்டில் இரண்டு வரி போட்டிருக்கலாம்தான். ஆனால் இதே வேலையில் இறங்க நினைக்கும் வேறு கில்டு தலைவர்களும் படிக்கட்டும் என்று உனக்கான கடிதத்தைப் பொதுவில் எழுதுகிறேன்.

பணம் எப்படித் திரட்டுவது என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். வாங்கிக்கொள்ளப் போகிறவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டாயா என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை. எனக்கிருக்கும் ஒரே கவலை அதுதான். கேமர்கள் கூடினால் பணம் வரும், அதை நாம் பலமுறை பார்த்துவிட்டோம். அந்தப் பணம் சரியான பொருளாக மாறி சரியான கைக்குப் போய்ச் சேருவதுதான் கடினம்.

பணம் வரும் என்று எதை வைத்துச் சொல்கிறேன் என்று கேட்பாய். 2010 ஜனவரியில் ஸ்பீட்ரன், அதாவது ஒரு கேமை முடிந்தவரை வேகமாக முடிக்கும் ஆட்டம், ஆடும் சிலர் ஒரு கேம் விழாவிலிருந்து நேரலை செய்ய ஏற்பாடு செய்தார்கள். அங்கே இணையம் சரிவரவில்லை. தங்களில் ஒருவருடைய அம்மாவின் வீட்டு அடித்தளத்துக்கு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய் அங்கிருந்து ஆடி முடித்தார்கள். கேர் என்ற தொண்டு அமைப்புக்கு 10,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. இன்று கேம்ஸ் டன் க்விக் என்று நாம் விழித்திருந்து பார்க்கும் நிகழ்ச்சியின் தொடக்கம் அதுதான். பத்தே ஆண்டுகளில், 2020 ஜனவரி நிகழ்வில் மட்டும், புற்றுநோய்த் தடுப்புப் பணிக்கு 31 லட்சம் டாலருக்கு மேல் வந்தது. கோடையில் நடக்கும் நிகழ்வின் பணம் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்குப் போகிறது.

கனடாவின் விக்டோரியா நகரத்துக்காரர்கள் 2007-ல் தொடங்கிய டெசர்ட் பஸ் என்ற நிதி திரட்டும் நிகழ்ச்சி இன்னும் விசித்திரம். வெளியிடப்படாமலே போன ஒரு பழைய கேமில், டூசானிலிருந்து லாஸ் வேகாஸுக்கு எட்டு மணி நேரம் நிஜ நேரத்தில் ஒரு பஸ்ஸை ஓட்ட வேண்டும். பஸ் வலது பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும், நிறுத்தி ஓய்வெடுக்க வழியில்லை. போய்ச் சேர்ந்தால் ஒரு பாயிண்ட். இதை ஆடுவதற்குத்தான் பார்ப்பவர்கள் பணம் கொடுக்கிறார்கள். முதல் மணி நேரத்துக்கு 1 டாலர், அடுத்தடுத்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 7 சதவீதம் கூடுதல். கணக்குப் போட்டுப் பார், 100-ஆவது மணி நேரத்துக்கு மட்டுமே 800 டாலரைத் தாண்டும், 150-ஆவதுக்கு 23,000-ஐத் தாண்டும். உறக்கமில்லாமல் ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பதைப் பார்த்தபடி ஆயிரக்கணக்கானவர்கள் இந்தத் தொகையைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். நீ கேட்கும் தொகை வராதா என்ன?

டெசர்ட் பஸ் பணம் போய்ச் சேரும் இடத்தைத்தான் நீ கவனிக்க வேண்டும். சைல்ட்ஸ் ப்ளே என்ற அமைப்பு அது. கேம் ஆடுபவர்கள் எல்லோரும் வன்முறைக்காரர்கள் என்று செய்தித்தாள்கள் எழுதிக்கொண்டிருந்த 2003-ல், பென்னி ஆர்கேட் என்ற இணையக் காமிக்கை உருவாக்கிய மைக் கிராஹுலிக்கும் ஜெர்ரி ஹோல்கின்ஸும் அதைத் தொடங்கினார்கள். முதல் வருடமே சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனைக்குப் பணமும் பொம்மைகளுமாகச் சுமார் 2.5 லட்சம் டாலர் மதிப்புக்குச் சேர்ந்தது. அவர்கள் செய்த புத்திசாலித்தனமான காரியம் வேறொன்று. தேவைப் பட்டியலை மருத்துவமனையே எழுதும். பட்டியலில் இருப்பதை மட்டும் நன்கொடையாளர் வாங்கி நேரடியாக அங்கே அனுப்புவார். எந்த வயதுக் குழந்தைகள் அந்த வார்டில் இருக்கிறார்கள், எந்த கன்சோல் ஏற்கனவே இருக்கிறது என்பதெல்லாம் அங்கே வேலை பார்ப்பவர்களுக்குத்தான் தெரியும். நம் விருப்பத்துக்கு வாங்கி அனுப்பினால் அது நமக்குப் பிடித்த பொருளாக இருக்கும், அவ்வளவுதான்.

கேமர்ஸ் அவுட்ரீச் என்ற அமைப்பின் கதையும் இதே பக்கம்தான் போகிறது. மிச்சிகன் மாநிலத்தில் பள்ளி மாணவராக இருந்த ஸாக் விகல் ஹேலோ என்ற துப்பாக்கிச் சண்டை கேமில் ஒரு போட்டி நடத்தத் திட்டமிட்டார். இந்த மாதிரி கேம்கள் பிள்ளைகளுக்குக் கொலை செய்யக் கற்றுக்கொடுக்கின்றன என்று உள்ளூர் அதிகாரி ஒருவர் எதிர்க்க, போட்டி ரத்தானது. ஸாக் கோபத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு நல்ல காரியத்துக்கு நிதி திரட்டும் போட்டிகளை நடத்த ஆரம்பித்தார். பின்னால் மருத்துவமனைகளோடு பழகியபோது தெரிந்தது, கன்சோலைப் பரிசளிப்பதோடு விஷயம் முடிவதில்லை. படுக்கையை விட்டு எழ முடியாத குழந்தையிடம் அதைக் கொண்டுபோக வேண்டும், ஒரு குழந்தை ஆடி முடித்ததும் அடுத்த குழந்தைக்குக் கிருமி போகாதபடி துடைக்க வேண்டும். அதற்காகத் திரையும் கன்சோலும் பொருத்தி, சக்கரம் வைத்து, செவிலியர் ஒரே ஆளாகத் தள்ளிக்கொண்டு போகிற வண்டி ஒன்றை உருவாக்கினார்கள். நீ மருத்துவமனைக்கு ஒதுக்கும் பாதியை இந்த மாதிரி ஏற்கனவே வழி கண்டுபிடித்தவர்களிடம் கொடுத்துவிடு. அந்தப் பாதியைப் பற்றி இதற்கு மேல் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை.

படைவீரர்கள் விஷயம்தான் பெரிது.

"முகாமில் இருக்கும் யாராவது ஒரு வீரருக்கு" என்று மேலே எழுதிப் பெட்டிகள் அனுப்பலாம் என்கிறாய். அது நடக்காது. ஒரு காலத்தில் அமெரிக்காவில் அப்படி அனுப்ப முடிந்தது. 2001-ல் ஆந்த்ராக்ஸ் தூள் தடவிய கடிதங்கள் வந்த பிறகு, பெயர் குறிப்பிடாத தபாலைப் பாதுகாப்புத் துறை நிறுத்திவிட்டது. இப்போது பெயரும் பிரிவும் ராணுவ அஞ்சல் எண்ணும் வேண்டும், சுங்கப் படிவம் நிரப்ப வேண்டும், எந்த நாட்டுக்கு எதை அனுப்பலாம் என்பதும் ஒவ்வொரு அஞ்சல் எண்ணுக்கும் மாறும். பேட்டரி உள்ள சாதனம் என்றால் தனிக் கட்டுப்பாடுகள். இன்னொன்று, நம் நண்பர் எந்த முகாமில் இருக்கிறார் என்பதை ஸ்ட்ரீமில் யாரும் வாய் தவறிக்கூடச் சொல்லிவிடக் கூடாது. உற்சாகத்தில் சொல்லிவிடுவார்கள், அதனால் முன்கூட்டியே எல்லோரிடமும் சொல்லி வை.

பெட்டிக்குள் என்ன வைப்பது என்பது அடுத்த கேள்வி. கேமை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும் டவுன்லோடு கோடு அனுப்பினால் தபால் செலவே இல்லை என்று ஒருவர் சாட்டில் சொன்னார். இணையம் நத்தை வேகத்தில் வரும் இடத்திலோ, கப்பலிலோ இருப்பவர் அதை வைத்து என்ன செய்வார்? 2013 நினைவிருக்கிறதா? புதிய எக்ஸ்பாக்ஸ் ஒன் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தோடு தொடர்புகொண்டாக வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. இணைய வசதி இல்லாதவர்கள் பழைய எக்ஸ்பாக்ஸ் 360-ஐ வைத்துக்கொள்ளலாம் என்ற பொருளில் அதன் உயர் அதிகாரி ஒருவர் பேசினார். கடலிலும் பாலைவனத்திலும் பணிபுரிந்தவர்கள், கேம்தான் தங்களுக்கு இருக்கும் ஒரே ஓய்வு என்று பொங்கினார்கள். மற்ற கேமர்களும் சேர்ந்து சத்தம் போட, ஜூன் 19 அன்று அந்த விதி கைவிடப்பட்டது. அப்போது பணம் எதுவும் திரட்டவில்லை. ஆனாலும் கேமர்கள் படைவீரர்களுக்குச் செய்த பெரிய உதவிகளில் அதையும் நான் சேர்ப்பேன். ஆகவே டிஸ்க்காகவே அனுப்பச் சொல், இணையமில்லாமல் ஒரே திரையில் நான்கு பேர் சேர்ந்து ஆடக்கூடிய கேம்களாக இருக்கட்டும். இதுவும்கூட என் ஊகம்தான், அங்கே இருப்பவர்களைக் கேட்டுவிட்டுப் பட்டியலை முடிவு செய்.

கேட்பதற்கு ஆள் இருக்கிறார்கள். ஸ்டீஃபன் மச்சுகா அமெரிக்க ராணுவத்தில் கேப்டனாக இராக்கில் பணியாற்றித் திரும்பியவர். ஊர் திரும்பிய பிறகு மனதை நிலைப்படுத்திக்கொள்ள அவருக்கு கேம்கள் உதவின. வீரர்களுக்கு கேம்கள் மூலம் உதவ 2010-ல் ஆபரேஷன் சப்ளை டிராப், 2015-ல் ஸ்டாக் அப் என்ற இரண்டு அமைப்புகளைத் தொடங்கினார். கேம் பெட்டிகளை எந்தப் பிரிவுக்கு எப்படி அனுப்புவது என்பது அவர்களுக்கு அத்துப்படி. அவர்கள் செய்வதில் என்னை மிகவும் தொட்டது பெட்டி இல்லை, டிஸ்கார்ட் என்ற அரட்டைத் தளத்தில் நடத்தும் துணைத் திட்டம். மனம் உடைந்துபோன ஒரு முன்னாள் வீரர் எந்த நேரத்தில் வந்தாலும் பேசுவதற்கு, பயிற்சி பெற்ற தன்னார்வலர் ஒருவர் அங்கே இருப்பார். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நள்ளிரவில் முகம் தெரியாத ஒருவரோடு பேசுவது நமக்கெல்லாம் கைவந்த பழக்கம். அதையே ஓர் உயிரைப் பிடித்து நிறுத்தும் வேலையாக அவர்கள் மாற்றியிருக்கிறார்கள். நம் கில்டில் சிலர் அந்தப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தால் ஸ்ட்ரீமில் வரும் தொகையைவிட அது பெரிது என்பேன்.

காயம்பட்டுத் திரும்பியவர்களையும் மறந்துவிடாதே. கையை இழந்த வீரர்களுக்கு வார்ஃபைட்டர் எங்கேஜ்ட் என்ற சிறிய அமைப்பு, கேம் ஆடக் கையில் பிடிக்கும் கன்ட்ரோலர்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஆளுக்கேற்ற மாதிரி மாற்றிச் செய்து கொடுத்தது. அப்படி ஒரு கன்ட்ரோலரின் படத்தை மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ஒருவர் 2014-ல் ட்விட்டரில் பார்த்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் 2018-ல் விற்பனைக்கு வந்த எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர். இரண்டு பெரிய பட்டன்கள், பின்பக்கம் வரிசையாகத் துளைகள். காலால் மிதிக்கும் பெடலோ, தாடையால் அழுத்தும் பட்டனோ, அவரவர் உடம்பு எதற்கு இடம் கொடுக்கிறதோ அதைச் செருகிக்கொள்ளலாம். அது வரும் அட்டைப்பெட்டியைக்கூடப் பல்லால் கடித்துப் பிரிக்க வேண்டியிராதபடி, வளையத்தில் இழுத்தால் திறப்பதுபோல் வடிவமைத்தார்கள். கேட்டுச் செய்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. நம் பணத்தில் ஒரு பங்கு இதற்கும் போகட்டும்.

அப்புறம், கில்டில் இரண்டு பேர் எதிர்ப்புத் தெரிவித்தார்களே, அவர்களை ஒதுக்கிவிடாதே. போரை ஆதரிப்பது போலாகிவிடாதா என்ற கேள்வி நியாயமானது. வீடு விட்டு வந்திருப்பவருக்கு ஒரு மாலை நேரத்தை லேசாக்குவது ஒன்று, படைக்கு ஆள் சேர்ப்பது வேறொன்று. 2020-ல் அமெரிக்க ராணுவத்தின் ஈஸ்போர்ட்ஸ் (கேம் போட்டி) அணி ட்விட்ச் என்ற நேரலைத் தளத்தில் பரிசுப்போட்டி என்று இணைப்பு கொடுத்தது. அதைத் தட்டினால் ஆள்சேர்ப்புப் படிவம்தான் வந்தது. பார்ப்பவர்களில் சின்னப் பிள்ளைகளும் உண்டு. எதிர்ப்புக் கிளம்பி, ட்விட்ச் அதை எடுக்கச் சொன்னது. நம் ஸ்ட்ரீமில் ஆள்சேர்ப்பு விளம்பரத்துக்கு இடமில்லை என்று முதலிலேயே எழுதி வைத்துவிடு. போரில் சிக்கிய மக்களுக்குக் கொடுக்க விரும்புகிறவர்களுக்கும் வழி திறந்து வை. 2022 மார்ச்சில் ஃபோர்ட்நைட் என்ற கேம் ஆடியவர்கள் செலவழித்ததிலிருந்து இரண்டே வாரத்தில் 14.4 கோடி டாலர் உக்ரைன் மக்களுக்கான நிவாரணத்துக்குப் போனது. யுனிசெஃப், உலக உணவுத் திட்டம், ஐ.நா. அகதிகள் அமைப்பு போன்றவற்றுக்குக் கொடுத்தார்கள். அந்த இருவரும் அப்படி ஓர் இலக்குக்கு ஆடட்டும், நாம் சேர்ந்தே ஆடலாம்.

பணத்தை உன் கணக்கில் வாங்காதே. உன்மேல் நம்பிக்கை இல்லாமல் சொல்லவில்லை. டில்டிஃபை மாதிரி நன்கொடை திரட்டும் தளம் வழியாகவோ அமைப்பின் சொந்தப் பக்கம் வழியாகவோ நேராகப் போனால், உன்னை யாரும் ஒரு வார்த்தை கேட்க முடியாது. கண்ணுக்கெதிரே எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்தால் கொடுப்பவருக்கும் ஒரு தெம்பு.

சரி, இந்த வாரமே ஸ்டாக் அப்புக்கும் மருத்துவமனைகளுக்கு உதவும் அமைப்புக்கும் கடிதம் எழுதி, என்ன தேவை என்று கேள். நம் நண்பரிடம் நேரம் கிடைக்கும்போது அவர் பிரிவில் என்ன கன்சோல் இருக்கிறது என்பதை மட்டும் விசாரி. பதில்கள் வந்த பிறகு தேதி வைக்கலாம். ஷிப்ட் பட்டியல் போடும்போது, யாரும் கேட்காத அந்த விடியற்காலை நேரத்தை எனக்கே எழுதிவிடு.

அன்புடன்,
உன் கில்டு அண்ணன்