சில்வர்டவுன் கல்லும் அந்த ஆலை இருந்த மண்ணும்

ஈஸ்ட் ஹாம், லண்டன்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மதினிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் எனக்கு மனசு ஆறியது. இனி கொஞ்ச நாள் அடுப்படிப் புகையில் நிற்க விடாதே. இங்கே எல்லாரும் சுகம். பேத்தி தமிழ்ப் பள்ளிக்கு ஒழுங்காகப் போகிறாள், உன்னைப் பற்றிக் கேட்கிறாள்.

ஓய்வு பெற்ற மனுஷன் தேம்ஸ் கரையில் ஏதோ ஒரு கல்லைத் தேடி அலைகிறாயாமே என்று கேட்டிருந்தாய். விரிவாகவே எழுதுகிறேன். ஆயுசு முழுக்கத் தூத்துக்குடியில் சோடா ஆலையில் உழைத்தவன் நீ, இந்தக் கதையை என்னைவிட நன்றாகப் புரிந்துகொள்வாய்.

எங்கள் நியூஹாம் பகுதியின் தெற்கு ஓரத்தில், ஆற்றை ஒட்டிச் சில்வர்டவுன் என்று ஓர் இடம். சில்வர் என்பவரின் ரப்பர் தொழிற்சாலையால் வந்த பெயர். 1844ஆம் ஆண்டுக் கட்டடச் சட்டம் நாற்றமும் நச்சும் உள்ள தொழில்களை லண்டனுக்குள் கட்டுப்படுத்தியது. லீ ஆற்றைத் தாண்டினால் அந்தச் சட்டம் செல்லாது. அதனால் ரப்பர், சர்க்கரை, சோப்பு, ரசாயனம் எல்லாம் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தன. வேலைக்கு வந்த ஜனங்கள் ஆலைச் சுவரை ஒட்டியே குடியேறினார்கள். அங்கே இப்போது ராயல் வார்ஃப் என்ற பெயரில் ஆயிரக்கணக்கான புது அடுக்குமாடி வீடுகள். அவற்றின் நடுவே நிற்கிறது நான் சொல்லும் நினைவுக்கல். புருனர் மாண்ட் கம்பெனி 1920களில் எழுப்பியது. போரில் இறந்தவர்களுக்கும், 1917இல் அங்கேயே நடந்த வெடிவிபத்தில் இறந்தவர்களுக்கும் சேர்த்து ஒரே கல்.

புருனர் மாண்ட் என்ற பெயர் உனக்குப் புதிதாக இருக்காது. ஜான் புருனர், லுட்விக் மாண்ட் இருவரும் 1873இல் செஷயர் மாவட்டத்தில், நார்த்விச் பக்கம் வின்னிங்டனில் தொடங்கியது. தரைக்கடியில் உப்புப் பாறை. அதிலிருந்து உப்புநீர் எடுத்து, அம்மோனியா, சுண்ணாம்புக்கல் வைத்துச் சால்வே முறையில் சோடா ஆஷ், கண்ணாடிக்கும் சோப்புக்கும் போடும் சோடா உப்பு. நீ எனக்குக் காகிதத்தில் படம் போட்டு விளக்குவாயே, அதே அம்மோனியா-சோடா முறைதான். 1926இல் இந்தக் கம்பெனி மற்ற மூன்று கம்பெனிகளோடு சேர்ந்து ஐசிஐ என்ற பெரிய ரசாயனக் கம்பெனி ஆனது. பின்னால் பிரிந்து, 2006 வாக்கில் டாடா கெமிக்கல்ஸ் கைக்கு வந்தது. குஜராத் மிதாப்பூரில் உப்பும் சோடாவும் எடுக்கும் அதே டாடாதான். வின்னிங்டனில் சோடா ஆஷ் உற்பத்தி 2014இல் நின்றுபோனது.

சில்வர்டவுன் ஆலை 1893இல் வந்தது. வாஷிங் சோடாவும் காஸ்டிக் சோடாவும் செய்தார்கள். 1912இல் காஸ்டிக் பகுதியை நிறுத்தியதும் அந்தக் கட்டடம் சும்மா கிடந்தது. 1914இல் போர் வந்தது, 1915இல் பீரங்கிக் குண்டுகளுக்குப் பெரிய பஞ்சம் வந்தது. அரசின் பார்வை இந்தக் காலிக் கட்டடத்தில் விழுந்தது. குண்டுகளில் நிரப்பும் டிஎன்டி வெடிமருந்தைச் சுத்திகரிக்க அதைக் கேட்டது. கச்சா டிஎன்டியை உருக்கி, ஆல்கஹாலில் கரைத்து, மறுபடி படிகமாக்க வேண்டும். கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை, சுற்றிலும் வீடுகள் என்று சொல்லிப் பார்த்தது. அரசு வற்புறுத்தியது. 1915 செப்டம்பரில் வேலை தொடங்கி, நாளுக்குச் சுமார் 9 டன் என்று ராப்பகலாக ஓடியது. அந்தச் சுத்திகரிப்பு முறையை வகுத்துக் கொடுத்த கம்பெனியின் விஞ்ஞானி ஃபிரீத், அது மிக ஆபத்தானது, என்றாவது ஒருநாள் ஆலை வெடிக்கும் என்று சில்வர்டவுனுக்கு மாதாமாதம் எழுதி எச்சரித்ததாகப் பிற்காலத்தில் சொன்னார்.

1917 ஜனவரி 19, வெள்ளிக்கிழமை. உருக்கும் அறையில் தீப்பிடித்தது. அணைப்பதற்குள், மாலை 6.52க்கு, ஏறத்தாழ 50 டன் டிஎன்டி வெடித்தது. 73 பேர் போய்விட்டார்கள், குழந்தைகளும் அதில் உண்டு. 400 பேருக்கு மேல் காயம். சேதமான வீடுகளும் கட்டடங்களும் 60,000-க்கு மேல். எதிர்க்கரையில், இன்று ஓ2 அரங்கம் இருக்கும் கிரீனிச் பக்கத்தில், ஒரு ராட்சத எரிவாயுத் தொட்டி பிளந்து வானம் வரை தீ எழுந்தது. வெடிச்சத்தம் நூறு மைலுக்கு அப்பாலும் கேட்டதாம். மாலை நேரமாக இருந்ததால் பக்கத்து ஆலைகளில் முக்கால்வாசிப் பேர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் இன்னும் படுக்க மாடிக்குப் போகவில்லை, மாடிகள்தான் அதிகம் நொறுங்கின. இரண்டு மணி நேரம் முந்தியோ பிந்தியோ நடந்திருந்தால் சாவுக்கணக்கு எங்கேயோ போயிருக்கும்.

ஆண்ட்ரியா ஏஞ்சல் என்று ஒரு ரசாயனர், ஆக்ஸ்ஃபோர்டில் பாடம் நடத்தியவர், ஆலையின் தலைமை ரசாயனர். தீயைப் பார்த்ததும் ஓடவில்லை, அணைக்க நின்றார், இறந்தார். ஜார்ஜ் வென்போர்ன் என்ற தொழிலாளியும் அப்படியே. இருவருக்கும் இறந்தபின் வேலையிடத்தில் காட்டிய துணிச்சலுக்கான முதல்வகுப்பு எட்வர்ட் பதக்கம் கொடுத்தார்கள். ஒரே பதக்கம், ஆக்ஸ்ஃபோர்டு ஆசிரியருக்கும் பட்டறைத் தொழிலாளிக்கும். அது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. வாசலில் நின்று ஜனங்களை விலகிப் போகச் சொல்லிக்கொண்டிருந்த கிரீனாஃப் என்ற போலீஸ்காரர் காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்து சில நாளில் இறந்தார். நகரத்துக்குள் போஸ்ட்மேன்ஸ் பார்க்கில், பிறரைக் காப்பாற்றி உயிர்விட்டவர்களுக்கான ஓட்டுப் பலகைகளில் அவர் பெயரும் இருக்கிறது. ரோட்டுக்கு எதிரிலேயே தீயணைப்பு நிலையம். வீரர்கள் வண்டியோடு வந்து சேர்ந்த நேரத்தில்தான் வெடித்தது. அவர்களிலும் இரண்டு பேர் போனார்கள்.

சரி, இதெல்லாம் புத்தகத்திலேயே கிடைக்கிறது, கல்லைச் சுற்றி நடக்க என்ன இருக்கிறது என்று கேட்பாய். கல் இப்போது அது முதலில் நின்ற இடத்தில் இல்லை. வீடுகள் கட்டும்போது பக்கத்திலேயே நகர்த்தி வைத்துவிட்டார்கள். ஆலையின் ஒரு செங்கல்கூடக் கண்ணில் படாது. புதுசாக வருபவர் அதைப் பார்த்தால் எங்கோ தூரத்துப் போரில் செத்தவர்களுக்கு வைத்த இன்னொரு கல் என்று நினைத்துக் கடந்துவிடுவார். இறந்தவர்கள் எங்கே நின்றார்கள், வீடுகள் எவ்வளவு கிட்டத்தில் இருந்தன என்று தெரியாதவரை அந்தக் கல் பாதிதான் பேசும். அதனால்தான் இடத்தைத் தேடினேன்.

ஸ்காட்லாந்து தேசிய நூலகம் பிரிட்டிஷ் அரசு நில அளவைத் துறையான ஆர்டனன்ஸ் சர்வேயின் பழைய வரைபடங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. மைலுக்கு 25 அங்குலம் என்று விரிவாக வரைந்த படத்தை இன்றைய படத்தின்மேல் விரித்து, மேலே இருப்பதை மெல்ல மங்கச்செய்து பார்க்கலாம். பார்க்கப் பார்க்க வயிறு கலங்கியது. ஒரு பக்கம் ஆறும் படகுத்துறையும், மறுபக்கம் நார்த் உல்விச் ரோடு. ரோட்டைத் தாண்டினால் தீயணைப்பு நிலையம், வரிசை வீடுகள், அதற்கும் அப்பால் ராயல் விக்டோரியா துறைமுகக் கிடங்குகள். இருபுறமும் எண்ணெய்க் கிடங்கு, பிளைவுட் ஆலை. எரியக்கூடிய எல்லாமே அங்கே அடுத்தடுத்து.

அப்புறம் செஷயர் படத்தைப் பிரித்தேன். புருனர் மாண்டுக்கு வின்னிங்டன், லோஸ்டாக், மிடில்விச் என்று அங்கே பல ஆலைகள். நார்த்விச்சுக்கு வெளியே காட்புரூக்கில் இதே டிஎன்டி சுத்திகரிப்புக்கென்று 1916இல் புதிதாக ஓர் ஆலை கட்டினார்கள், சுற்றிலும் வயல். சில்வர்டவுனைவிட அதிகமாகவே அங்கே உற்பத்தி ஆனது. ஆனாலும் சில்வர்டவுனை நிறுத்தவில்லை. இரண்டையும் ஒன்றாக ஓட்டினார்கள், இது வெடிக்கும் வரைக்கும். நண்பா, இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வேறு வழி இல்லாமல் அந்த ஜனங்களைப் பணயம் வைக்கவில்லை. மாற்று இடம் கட்டி முடித்து ஓடிக்கொண்டிருந்தது. அரசு விசாரணையும் டிஎன்டி ஆலைக்கு அந்த இடம் தகாது என்றுதான் சொன்னது. அந்த அறிக்கையை 1950கள் வரை வெளியே விடவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் தகப்பன் எத்தனை பேர் அதைப் படிக்காமலேயே கண்மூடியிருப்பார்கள்!

இன்னொரு விஷயம். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் முதல் உலகப்போர்ப் பட்டியலில் படைகளில் இருந்தவர்களும் வணிகக் கப்பல் மாலுமிகள் போன்ற சிலரும்தான் உண்டு. இரண்டாம் போரில் குண்டுவீச்சில் இறந்த பொதுமக்களுக்குத் தனிப் பதிவேடு இருக்கிறது. முதல் போரில் வெடிமருந்து ஆலையில் செத்த தொழிலாளிக்கு அப்படி எதுவும் கிடையாது. 1918 ஜூலை 1 அன்று நாட்டிங்ஹாம் பக்கம் சில்வெல் பீரங்கிக்குண்டு ஆலையில் வெடித்து 130 பேருக்கு மேல் இறந்தார்கள், அடையாளம் தெரிந்தது 32 பேர்தான். அவர்களுக்கும் அந்த ஆலை மண்ணில் எழுப்பிய நினைவிடம்தான் ஆதாரம். போர்முனைக்குப் போனவனையும் கொப்பரை முன்னால் நின்றவனையும் ஒரே கல்லில் சேர்த்த புருனர் மாண்ட் கம்பெனியை இந்த ஒரு காரியத்துக்காக நான் மதிக்கிறேன்.

நம் ஊர்ப்பக்கக் கிராமங்களில் சிறு கல்வெட்டு பார்த்திருப்பாய்: இந்தக் கிராமத்திலிருந்து 1914–1919 போருக்கு இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் விட்டார்கள் என்று ஆங்கிலத்தில். எண்ணிக்கை மட்டும்தான், பெயர் கிடையாது. உன் பக்கத்தில் எங்காவது அப்படி ஒன்று கண்ணில் பட்டால் செல்போனில் படம் எடுத்து அனுப்பு, எந்தச் சுவரில் எந்தத் தெருவைப் பார்த்து இருக்கிறது என்பதையும் எழுது. கிராமத்து வயசாளிகளிடம் பேச்சுக் கொடுத்துப் பார். யார் வீட்டிலாவது ஒரு பெயர் கிடைக்கலாம்.

கோடையில் மகளைப் பார்க்க வருவதாக எழுதியிருந்தாய். ஒரு நாளை எனக்கு ஒதுக்கு. வெஸ்ட் சில்வர்டவுன் ரயில் நிறுத்தத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். இன்னொரு நாள் நார்த்விச் போவோம், காட்புரூக் இருந்த திசையையும் பார்த்துவிட்டு வருவோம். காலியாகக் கிடந்த காஸ்டிக் கட்டடத்துக்குள் உருக்கும் கொப்பரைகளை எப்படி அமைத்திருப்பார்கள் என்று உன் அனுபவத்தை வைத்து எனக்கு ஒரு படம் போட்டுக் காட்ட வேண்டும், அதற்காகவே பழைய வரைபடத்தைப் பெரிதாக அச்செடுத்து வைத்திருக்கிறேன். மதினியையும் கூட்டிக்கொண்டு வா, முருகன் கோயிலுக்கும் போய்வரலாம்.

உன் அன்பு நண்பன்