ஓசூரில் இருக்கும் மகனுக்கு மலையேற்றப் பரிசு தேடும் அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

மகனுடைய பிறந்தநாளுக்கு ஏதாவது வாங்கித் தர வேண்டும், ஞாயிற்றுக்கிழமையானால் ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி கோட்டை, வத்தல்மலை என்று கிளம்பிவிடுகிறான், ஷூ வாங்கலாமா, பெரிய பையா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் வேண்டாம். உடம்போடு பொருந்த வேண்டியதை ஆள் இல்லாமல் வாங்கினால் பீரோவில்தான் கிடக்கும்.

ஷூவுக்கு நம்பர் மட்டும் தெரிந்தால் போதாது. நடந்து நடந்து சாயங்காலத்தில் பாதம் கொஞ்சம் வீங்கும். அந்த நேரத்தில், மலைக்குப் போடும் சாக்ஸையே மாட்டிக்கொண்டு, பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். அந்த இடம் இல்லாவிட்டால் இறங்கும்போது நகம் முட்டி முட்டிக் கறுத்துப்போகும். தள்ளுபடியில் கிடைக்கும் பழைய சரக்கில் இன்னொரு வம்பு: பல ஷூக்களின் நடு சோலில் இருக்கும் நுரை காற்றின் ஈரத்தாலேயே நாளடைவில் நொறுங்கும். போடாத புது ஷூ பாதி மலையில் வாயைப் பிளப்பது அதனால்தான். பை என்றால் முதுகின் நீளம் பார்க்க வேண்டும். கட்டாயம் ஷூதான் என்றால் ஒருநாள் சாயங்காலம் அவனையே கடைக்கு அழைத்துப் போங்கள்.

உங்கள் காசுக்கு முதலில் சாக்ஸ் வாங்குங்கள். பரிசாகக் கொடுக்கச் சப்பென்று தோன்றும்தான். ஆனால் மலையேறுகிறவர்கள் தங்களுக்கென்று நல்லதாக வாங்கிக்கொள்ளாத பொருள் அது. லேபிளைப் படியுங்கள். பருத்தி 70, 80 சதவீதம் என்றிருந்தால் வைத்துவிடுங்கள். பருத்தி வியர்வையைக் குடித்துக்கொண்டு காயாமல் கிடக்கும், ஊறிய தோல் உராய்ந்து கொப்புளம் வரும். மெரினோ என்ற ஆட்டின் மெல்லிய கம்பளியும் நைலானும் கலந்தது நல்லது. கம்பளி என்றதும் சூடு என்று பயப்படாதீர்கள், மெல்லிய ரகம் நம் வெயிலுக்கும் சரிப்படும். கடையிலேயே சாக்ஸை உள்பக்கம் திருப்பி, விரல் முனையில் வரும் தையலைத் தடவிப் பாருங்கள். கயிறு மாதிரித் தடித்திருந்தால் சுண்டுவிரலில் புண் நிச்சயம். உயரம் ஷூவின் விளிம்புக்கு மேல் நான்கு விரல் நிற்க வேண்டும், நெசவும் நெருக்கமாக இருக்க வேண்டும். நம் பக்கத்துக் கரட்டில் மழை ஓய்ந்ததும் ஊசிப்புல் காய்ந்து நிற்கும். தளர்வான நெசவில் அந்த ஊசி குத்தி ஏறி, நடக்க நடக்க உள்ளே போய்த் தோலைத் தொடும். இரண்டு ஜோடி கொடுங்கள். துவைக்கும்போது வாசனைக்காக ஊற்றும் கண்டிஷனர் மட்டும் வேண்டாம், அது நூலின் மேல் படிந்து வியர்வையை வெளியேற விடாது.

அடுத்தது கைத்தடி, மலையேறுகிறவர்கள் ஊன்றும் நீட்டி மடக்கும் உலோகத் தடி அல்லது கார்பன் தடி. கோட்டை மலைகளுக்குப் போகிற பையன் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கிருஷ்ணகிரியும் ராயக்கோட்டையும் மொட்டைப் பாறை. தடியின் நுனியில் இருக்கும் கார்பைடு முள், அதாவது மிகக் கெட்டியான கூர்முனை, மண்ணைக் கவ்வும், வழுவழுப்பான பாறையில் கிரீச்சென்று சறுக்கிவிடும். அங்கே ரப்பர் குல்லா மாட்டித்தான் ஊன்ற வேண்டும். அந்தக் குல்லா சேற்றில் கழன்று தொலைகிற சாமான், அதனால் தடியோடு கூடுதலாக ஒரு ஜோடி குல்லா வாங்கிவிடுங்கள். ஏற்கெனவே தடி வைத்திருந்தால் குல்லா மட்டுமே கூட நல்ல பரிசு. கார்பன் தடி எடை குறைவு, ஆனால் பாறை இடுக்கில் மாட்டினால் பட்டென்று முறியும். அலுமினியம் வளையும், நிமிர்த்தி ஊர் வந்து சேரலாம். பூட்டு இரண்டு வகை. திருகிப் பூட்டுவதில் தூசியும் ஈரமும் புகுந்தால் பாரம் போடும்போது தடி உள்ளே இறங்கிவிடும். நெம்பி மடக்கும் பூட்டில் ஒரு சின்ன ஸ்க்ரூ வெளியே தெரியும், தளர்ந்தால் இறுக்கிக்கொள்ளலாம், அதையே எடுங்கள். சமதரையில் ஊன்றி நிற்கும்போது முழங்கை செங்கோணத்தில் மடங்க வேண்டும். 170 செ.மீ. உயரமுள்ளவருக்கு அது சுமார் 115 செ.மீ. வரும். இறங்கும்போது 5 முதல் 10 செ.மீ. நீட்டிக்கொள்ளலாம். மழையில் நனைந்தால் துண்டு துண்டாகக் கழற்றிக் காயவைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உள்ளே அரித்துப் பிடித்துக்கொள்ளும்.

நெற்றியில் கட்டும் லைட், அதாவது ஹெட்லேம்ப், பகலில் போய் வருகிறவனுக்கும் வேண்டும். மார்கழியில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டு கட்டத் தொடங்கிவிடும், இறங்க அரை மணி பிந்தினால் போதும். செல்போன் லைட்டைப் பிடித்தால் ஒரு கை போச்சு. வெளிச்சத்தை லூமன் என்ற அளவில் சொல்வார்கள், 200 முதல் 300 லூமன் தாராளம். அட்டையில் ஆயிரக்கணக்கில் லூமன் போட்டு மலிவாக வருவதை நம்ப வேண்டாம். குறைந்த வெளிச்சத்தில் எத்தனை மணி நேரம் எரியும், எடை 100 கிராமுக்குள் இருக்கிறதா, மழைச்சாரல் தாங்கும் ஐபிஎக்ஸ்4 குறி இருக்கிறதா என்று பாருங்கள். பையில் உரசித் தானாக எரியாமலிருக்க லாக் வசதியும் தேவை. பேட்டரி போடும் வகையென்றால் வந்ததும் கழற்றி வைக்க வேண்டும். மாதக்கணக்கில் உள்ளேயே கிடந்தால் கசிந்து தகட்டைத் தின்றுவிடும்.

தண்ணீருக்குக் குழாய் வைத்த பை கவர்ச்சியாக இருக்கும். நான்கு பேர் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பையன் அந்தக் குழாயைப் பிரஷ் விட்டுக் கழுவிக் காயவைப்பானா? மாட்டான். பூஞ்சை பிடிக்கும். வாயகன்ற ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு போதும். கூடவே ஓஆர்எஸ், அதாவது தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி, பாக்கெட் ஐந்தாறு. ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரே தடவையில் முழு லிட்டரில் கரைக்க வேண்டும். அரை லிட்டரில் கொட்டினால் உப்பு மிஞ்சும், உடம்புக்குக் கெடுதல். 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் உண்டு, அளவைப் படித்து வாங்குங்கள். டப்பாவில் வரும் இனிப்புப் பானம் இதற்கு ஈடாகாது.

ஒரு சின்ன முதலுதவிப் பை நீங்களே கட்டிக் கொடுக்கலாம். அதில் முதலில் வைக்க வேண்டியது சந்தையில் விற்கும் முள்வாங்கி. சூரைமுள்ளும் கருவேலமுள்ளும் ஷூவையே துளைக்கும் நாடு இது, விரல் நகம் அங்கே ஆகாது. நுனி இரண்டும் இடைவெளியில்லாமல் சேர்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உண்ணி கடித்திருந்தாலும் இதுவே போதும்: தோலை ஒட்டி அதன் வாய்ப்பக்கத்தைப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய், தீக்குச்சி வைத்தியம் கூடாது. துணியாலான ஜிங்க் ஆக்சைடு டேப் ஒரு சுருள் வையுங்கள், குதிகால் எரிய ஆரம்பித்த உடனே ஒட்டினால் கொப்புளம் வராமல் பெரும்பாலும் தப்பிக்கலாம். ஒட்டுமுன் டேப்பின் மூலைகளை வட்டமாக வெட்டிவிட்டால் சுருளாது. சுளுக்குக்குச் சுற்ற 10 செ.மீ. அகலக் கிரேப் பேண்டேஜ் ஒன்று, உதவிக்கு அழைக்க விசில் ஒன்று. உள்ளே குண்டு இல்லாத விசிலாக இருக்கட்டும், நனைந்தாலும் ஊதும். பிளேடும் உறிஞ்சு குப்பியும் போட்டு விற்கும் பாம்புக்கடிப் பெட்டியைத் தொடாதீர்கள். கீறுவதும் உறிஞ்சுவதும் இறுக்கிக் கட்டுவதும் ஆபத்தைக் கூட்டத்தான் செய்யும். கடித்த காலை அசைக்காமல் 108-ல் ஆஸ்பத்திரிக்குப் போவதே வழி.

புளூடூத் ஸ்பீக்கர் வாங்கித் தரச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிக் காடுகளில் யானை நடமாட்டம் உண்டு. கிளை ஒடியும் சத்தம் காதில் விழ வேண்டிய இடத்தில் பாட்டு எதற்கு?

பொருளே வேண்டாமென்றால் இன்னொரு வழி இருக்கிறது. வனத்துறை 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகளோடு தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டம்தான் அது, நம் மாவட்டப் பக்கம் குத்திராயன் மலையும் அதில் வருகிறது. இணையத்தில் பணம் கட்டிப் பதிவு செய்தால் வழிகாட்டியோடு போகலாம். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம் என்பதால் அவன் கூட்டாளிகளுக்கும் இது உதவும். போகிறவர் விவரத்தோடுதான் பதிவு செய்ய வேண்டும், ஆகவே தேதியை அவனிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். காட்டுத்தீ பிடிக்கும் கோடைத் தொடக்கத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள்.

காசு இடித்தால் தடியை விட்டுவிட்டு சாக்ஸ், லைட், முள்வாங்கி மூன்றையும் எடுங்கள். லைட்டை ஒருமுறை முழுக்க சார்ஜ் ஏற்றி, எரியவிட்டுப் பார்த்து, லாக் செய்தபின் பொட்டலம் கட்டுங்கள். பில் உங்களிடமே இருக்கட்டும்.

அன்புடன்,
தம்பி