கண்ணு, கையில் என்ன பட்டை?

அன்புள்ள கண்ணுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியிலேயே வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுசாகப் படி.

போன ஞாயிற்றுக்கிழமை விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்கின் வாழ்க்கைப் படம் பார்த்தேன். அவராக நடித்தவருக்கு ஆஸ்கார் கிடைத்ததே, அந்தப் படம். பள்ளிக்கூடம் படிக்கும்போதே என்னைப் பார்க்கச் சொல்லி நச்சரித்தாய். இப்போதுதான் அமைந்தது. கேம்பிரிட்ஜில் கல்லூரி முற்றத்தில் நடந்து வருகிற பையன் திடீரென்று விழுகிறான். அப்புறம் மருத்துவமனை. இன்னும் இரண்டு வருஷம்தான் உயிர் என்று டாக்டர் கணக்கு சொல்கிறார். நன்றாகத்தான் எடுத்திருக்கிறார்கள், அழாமல் பார்க்க முடியவில்லை. ஆனால் எனக்கு ஒரு குறை. அந்தப் பையனின் அம்மாவை ஏன் இவ்வளவு கொஞ்சமாகக் காட்டினார்கள்? அது மனசை அரித்துக்கொண்டே இருந்தது. நூலகத்தில் அவரே தன் கதையை எழுதிய சின்னப் புத்தகம் இருந்தது, எடுத்து வந்தேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாலு நாளில் முடித்தேன்.

நடந்தது வேறு, கண்ணு. ஆக்ஸ்போர்டில் கடைசி வருஷமே அவருக்குக் கை கால் தடுமாற ஆரம்பித்துவிட்டது. ஒருநாள் மாடிப்படியில் விழுந்து டாக்டரிடம் போயிருக்கிறார். பீரைக் குறைத்துக்கொள் என்று சொல்லி அனுப்பிவிட்டார் அந்த டாக்டர். அதோடு 1962இல் கேம்பிரிட்ஜ் போய் ஆராய்ச்சியில் சேர்ந்துவிட்டார். அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்குச் செயின்ட் ஆல்பன்ஸில் இருக்கிற வீட்டுக்கு வந்தபோது கடும் குளிர், ஊர் ஏரியே உறைந்து கிடந்ததாம். "வா, சறுக்கப் போகலாம்" என்று அம்மா இசபெல் வற்புறுத்திக் கூப்பிட்டிருக்கிறார். தன்னால் முடியாது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் அம்மாவிடம் சொல்லாமல் கூடவே போனார். பனியில் விழுந்தவருக்கு எழுந்திருக்கவே முடியவில்லை. அங்கேதான் அந்த அம்மாவுக்கு ஏதோ சரியில்லை என்று புரிந்தது. ஒரு காப்பிக் கடைக்குக் கூட்டிப்போய் சூடாக உட்கார வைத்த பிறகுதான் பிள்ளை வாயைத் திறந்தது.

அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு புத்தகத்தை மூடிவைத்தேன். ஆவணி மாதம் நீ வீடியோ காலில் முடியை ஒதுக்கினபோது உன் மணிக்கட்டில் ஒரு வெள்ளைப் பட்டை தெரிந்தது. "கண்ணு, கையில் என்ன பட்டை?" என்று கேட்டேன். "கான்ஃபரன்ஸ் பாஸ்மா" என்று சொல்லி ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டுக்கொண்டாய். முகம் வெளுத்துப்போயிருந்தது. வெளிச்சம் சரியில்லை என்றாய். நானும் நம்பினேன். பன்னிரண்டு நாள் கழித்து உன் அறைத்தோழி வாய் தவறிச் சொல்லித்தான் குடல்வால் ஆபரேஷன் நடந்ததே எனக்குத் தெரிந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு நீயே டாக்ஸி வைத்துக்கொண்டு போனாயாமே. பல வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் முகத்தைப் பார்த்தே காய்ச்சலைக் கண்டுபிடித்தவள் நான். என் பிள்ளையின் முகத்தைத் திரையில் பார்த்தும் எனக்குத் தெரியாமல் போச்சே.

உன்மேல் கோபம் இருந்தது. இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் யோசிக்க யோசிக்க, இந்த வித்தையை உனக்குக் கற்றுக்கொடுத்ததே நாங்கள்தான் என்று புரிந்தது. உன் ப்ளஸ் டூ பரீட்சை சமயம் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது, ஸ்டென்ட் வைத்தார்கள். உன்னிடம், அப்பா ட்ரெயினிங்குக்காகக் கோயம்புத்தூர் போயிருக்கிறார் என்றோம். அதில் கோயம்புத்தூர் மட்டும்தான் உண்மை. பெரியம்மா உனக்குச் சமைத்துப் போட்டாள், நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு "பிசிக்ஸ் எப்படி இருந்தது?" என்று போனில் சிரித்துப் பேசினேன். கடைசிப் பரீட்சை முடிந்த அன்று உண்மையைச் சொன்னோம். நீ ஒன்றும் கேட்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் போய் அப்பா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாய். நல்லதுக்குத்தானே மறைத்தோம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை.

ஹாக்கிங்குக்கும் யாரும் ஒழுங்காகச் சொல்லவில்லை. இருபத்தொன்று முடிந்த கையோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கையிலிருந்து சதை எடுத்தார்கள், முதுகுத்தண்டில் மருந்து ஏற்றி, கட்டிலைச் சாய்த்துச் சாய்த்து எக்ஸ்ரே பார்த்தார்கள். கடைசியில் சரியாக ஒன்றும் சொல்லாமலேயே அனுப்பிவிட்டார்கள். நல்ல சேதி இல்லை என்று தெரிந்ததால் இவரும் மேலே கேட்கவில்லையாம். தசையை அசைக்கச் சொல்கிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகிற நோய் அது. மோட்டார் நியூரான் நோய் என்கிறார்கள். எதிர்க் கட்டிலில் ஒரு பையன் ரத்தப் புற்றுநோயில் கண்ணெதிரே இறந்துபோனான். தன்னை நினைத்துத் தனக்கே பாவமாக இருக்கும்போதெல்லாம் அந்தப் பையனை நினைத்துக்கொள்வாராம்.

அவருடைய அப்பா ஃபிராங்க் வெப்பநாட்டு நோய்களை ஆராய்கிற டாக்டர். அவர் மகனுடைய வழிகாட்டி டென்னிஸ் சியாமாவிடம் நேரே போய், பிள்ளை சீக்கிரம் பிஎச்டி முடிக்க ஏதாவது வழி உண்டா என்று கேட்டிருக்கிறார். பிஎச்டிக்கு மூன்று வருஷம் ஆகும், அதுவரை அவன் இருப்பானோ மாட்டானோ என்ற பயம். சியாமா முடியாது என்றுவிட்டார். பாவம், எந்த அப்பாவும் போய்க் கேட்கக் கூடாத கேள்வி. உன் அப்பாவிடம் இதைச் சொன்னேன், பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

ஹாக்கிங் ஜேன் என்ற பெண்ணை விரும்பினார். அவளைக் கல்யாணம் செய்துகொள்ள வேலை வேண்டும், வேலைக்குப் பிஎச்டி வேண்டும் என்றுதான் வாழ்க்கையில் முதன்முறையாக உழைக்க ஆரம்பித்தாராம். ஃபெல்லோஷிப் விண்ணப்பத்தை டைப் அடித்துத் தருவாள் என்று காத்திருந்தால், ஜேன் இடது கையில் மாவுக்கட்டோடு வந்து நிற்கிறாள். இவர் சொல்லச் சொல்ல அவள் வலது கையால் எழுதினாள். 1965இல் கல்யாணம், 1966இல் பட்டம். உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்கிறேன், இருந்தாலும் எனக்கு எழுத ஆசையாக இருக்கிறது. 1970 நவம்பரில், மகள் லூசி பிறந்த கொஞ்ச நாளில், ராத்திரி படுக்கப் போகிறார். உடம்பு ஒத்துழைக்காததால் படுப்பதற்கே வெகுநேரம் ஆகும். அந்த நேரத்தில்தான், ஒளியைக்கூட வெளியே விடாத கருந்துளையின் எல்லைப் பரப்பு குறையவே முடியாது என்பது அவருக்குப் பிடிபட்டது. உன் அப்பத்தாவைக் கடைசி வருஷத்தில் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாற்ற எனக்கு அரை மணி நேரம் ஆகும், ஞாபகம் இருக்கிறதா? அந்த அரை மணி நேரம் என்ன நேரம் என்று எனக்குத் தெரியும். அதற்குள் இப்படி ஒன்று முளைத்தது என்றால் மேல் சிலிர்க்கிறது.

1985இல் ஜெனீவாவில் நிமோனியா வந்து வென்டிலேட்டரில் கிடந்தபோது, நிறுத்திவிடலாமா என்று டாக்டர்கள் ஜேனிடம் கேட்டார்கள். கூடாது என்று சொல்லிக் கேம்பிரிட்ஜுக்கே கொண்டுபோனாள் அந்தப் பெண். குரல் போயிற்று, ஆள் பிழைத்தார். அந்த இரண்டு வருஷக் கணக்கைத் தாண்டி 2018 வரை, 76 வயது வரை இருந்தார். அப்படி ஒரு ராத்திரியில் டாக்டர் வந்து கேட்டால், பக்கத்தில் நின்று பதில் சொல்ல உனக்கு ஆள் வேண்டும், கண்ணு. நான் அங்கே இருக்க முடியாது. தெரிந்தாலாவது, நீ உள்ளே இருக்கிற நேரம் முழுக்க இங்கே விழித்திருப்பேன். அந்த ஆகஸ்ட் ராத்திரி நான் ஃபேன் போட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பயந்துவிடுவோம் என்று மறைக்காதே. பயப்படட்டும், அதற்குத்தானே நாங்கள் இருக்கிறோம்.

சரி, இப்போது என் பங்கு. போன மாதம் கண் காட்டப் போனேன். இடது கண்ணில் புரை முற்றிவிட்டதாம். வரும் 12ஆம் தேதி காலையில் ஆபரேஷன், சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிடலாம் என்றார்கள். இந்தக் கடிதம் கோணல்மாணலாக இருப்பதும் அதனால்தான். உன் பெரியம்மாவுக்குக்கூட இன்னும் சொல்லவில்லை. உள்ளே போவதற்கு முன்னால் அப்பா போனிலிருந்து கூப்பிடுகிறேன். உனக்கு விடிகாலையாக இருக்கும், எடுத்துப் பேசு.

அன்புடன்,
அம்மா