வெட்டிய பெயர்களை ஒட்டிக் கொடுங்கள்

வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தில் பழைய கார்ட்டூன் படங்களைப் பாதுகாத்துப் புதுப்பிக்கும் பணியில் இருப்பவர்களுக்கு,

வணக்கம்.

பக்ஸ் பன்னியைத் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்தவன் நான். படம் தொடங்கும்போது பெயர்கள் வந்தால், அந்த நேரத்தில் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவேன். இன்று அந்தப் பெயர்களுக்காகத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

1940 ஜூலையில் வந்த 'எ வைல்ட் ஹேர்' படத்தையே எடுத்துக்கொள்வோம். டெக்ஸ் ஏவரி இயக்கியது. கேரட்டைக் கடித்துக்கொண்டு, துப்பாக்கி பிடித்தவனிடமே போய் நலம் விசாரிக்கிற அந்த முயல் இதில்தான் முழுசாக உருவானது. கதை ரிச் ஹோகன், அனிமேஷன் வர்ஜில் ராஸ், இசை கார்ல் ஸ்டாலிங். இந்தப் பெயர்கள் எல்லாம் முதல் பிரதியில் இருந்தன.

1944ல் அதே படம் 'ப்ளூ ரிப்பன்' மறுவெளியீட்டு வரிசையில் திரும்பத் திரையரங்குக்கு வந்தது. நீல நாடா போட்ட புது முகப்பு. தலைப்பே 'தி வைல்ட் ஹேர்' என்று மாறிவிட்டது. உழைத்தவர்களின் பெயர்கள் ஒன்றுகூட இல்லை.

இதே மறுவெளியீட்டில் இன்னொரு மாற்றமும் செய்தார்கள். பக்ஸ் பின்னாலிருந்து, துப்பாக்கியோடு வந்த வேட்டைக்காரன் எல்மர் ஃபட்டின் கண்ணைப் பொத்தி, யார் என்று சொல் பார்க்கலாம் என்று கேட்கும். எல்மர் நடிகைகளின் பெயர்களாக அடுக்குவார். 1940 பிரதியில் அதில் கரோல் லோம்பார்டும் உண்டு. 1942 ஜனவரியில் அவர் விமான விபத்தில் இறந்துபோனார். அதனால் மறுவெளியீட்டில் அந்த இடத்தில் பார்பரா ஸ்டான்விக் பெயரைப் பேச வைத்துச் சேர்த்தார்கள். துக்கத்தை மதித்துச் செய்த காரியம், அது எனக்குப் புரிகிறது. ஒரே ஒரு பெயருக்காக இவ்வளவு யோசித்தவர்கள், படத்தை வரைந்தவர் பெயரை எப்படி வெட்டிப் போட்டார்கள் என்பதுதான் எத்தனை முறை பார்த்தாலும் மனசுக்கு ஒப்பவில்லை.

பிரதிகள் எடுக்கிற மூலச் சுருளான நெகட்டிவிலேயே வெட்டினார்கள் என்பதுதான் பெரிய இழப்பு. 1956ல் 1948க்கு முந்தைய வண்ணக் கார்ட்டூன்கள் தொலைக்காட்சிக்காக ஏ.ஏ.பி. நிறுவனத்துக்கு விற்கப்பட்டபோது, இந்த நீல நாடாப் படங்கள் பெயர் இல்லாமலேயே போயின. அப்புறம் தலைமுறை தலைமுறையாக வீடுகளுக்கு வந்தது அந்தப் பிரதிதான்.

சரி, வெட்டாத பிரதியிலாவது எல்லாருடைய பெயரும் இருந்ததா? இல்லை. ஒரு படத்தில் நான்கைந்து அனிமேட்டர்கள் வேலை செய்தாலும், அந்த நாளில் முறைவைத்து ஒருவர் பெயரைத்தான் போடுவார்கள். பக்ஸுக்குக் குரல் கொடுத்த மெல் பிளாங்க் சம்பள உயர்வு கேட்டுக் கிடைக்காமல், அதற்குப் பதிலாகத் திரையில் பெயர் கேட்டு வாங்கினார். ஆனால் எல்மருக்குக் குரல் கொடுத்த ஆர்தர் க்யூ. பிரையன் 1959ல் சாகும்வரை அந்த வேலையைச் செய்தும், திரையில் அவர் பெயரைப் பார்ப்பது அரிது. எல்மரின் அந்தக் குழறல் பேச்சைக் கேட்டவர்கள் பலரும் அதையும் மெல் பிளாங்க் கணக்கிலேயே எழுதிவிட்டார்கள்.

பெண்களின் கதை இன்னும் மோசம். ஏழு நிமிடப் படம் என்றால் நொடிக்கு 24 வீதம் 10,080 பிரேம்கள். காகிதத்தில் வரைந்த கோட்டை செல்லுலாய்டுத் தாளில் மையால் எடுத்து, பின்பக்கம் வண்ணம் நிரப்பியவர்கள் பெரும்பாலும் பெண்கள். கோடு கொஞ்சம் பிசகினாலும் திரையில் நடுங்கும். படம் முடிந்ததும் அந்தத் தாள்களைக் கழுவி அடுத்த படத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் கைவேலையும் மிஞ்சவில்லை, பெயரும் மிஞ்சவில்லை. 1930களில் அங்கே வண்ணம் தீட்டிய மார்த்தா சிகால் பிற்காலத்தில் தன் நினைவுகளை எழுதியதால் அவரையாவது நமக்குத் தெரியும்.

நீங்கள் சில படங்களுக்கு மூல முகப்பைத் தேடி எடுத்து ஒட்டியிருக்கிறீர்கள். அதற்கு மனமார்ந்த நன்றி. மீதிப் படங்களுக்கும் அதைச் செய்யுங்கள். மறுவெளியீட்டுக்கு முந்தைய பிரதிகள் சேகரிப்பாளர்களிடமிருந்து இன்னும் வெளிவந்துகொண்டுதான் இருக்கின்றன. அவர்களோடு சேர்ந்து வேலை செய்யுங்கள். மூல முகப்பு கிடைக்கவே இல்லை என்றால், அதைப்போல ஒன்றைப் புதிதாகச் செய்து ஒட்ட வேண்டாம். அது இன்னொரு பிழையாகிவிடும். படம் முடிந்ததும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு அட்டை போதும். ஸ்டுடியோ ஆவணங்களிலும் காப்புரிமைப் பதிவுகளிலும், ஆய்வாளர்கள் அந்தக் கலைஞர்களிடம் எடுத்த பேட்டிகளிலும் எத்தனையோ பெயர்கள் இருக்கின்றன. உறுதியாகத் தெரிந்ததை மட்டும் போடுங்கள்.

'எ வைல்ட் ஹேர்' இனி எங்கே காட்டப்பட்டாலும் 1940 முகப்போடு, லோம்பார்ட் பெயரோடு போகட்டும். முடிவில் வரும் அட்டையில் ஆர்தர் க்யூ. பிரையன் பெயரை முதல் வரியில் போடுங்கள்.

அன்புடன்,
ஒரு ரசிகன்