மாலைப் பயிற்சியும் ஜிம்மி ஜார்ஜும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நெருங்குகிறது, ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை மாலை வாலிபால் பயிற்சியிலிருந்து நிறுத்திவிடுங்கள் என்று உங்களில் சிலர் கேட்டிருக்கிறீர்கள். கவலை நியாயமானது. முடிவு செய்யும் முன் ஒரு வாலிபால் வீரரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். பிள்ளைகளுக்கு அவரைத் தெரியாது. உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம்.

ஜிம்மி ஜார்ஜ், 1955இல் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்துப் பேராவூரில் பிறந்தவர். அவருடைய அப்பாவும் வாலிபால் ஆடியவர். பிள்ளைகளுக்கு முதலில் ஆட்டம் சொல்லிக் கொடுத்தது அவர்தான். அண்ணன் தம்பிகள் எட்டுப் பேர், எட்டுப் பேருமே ஆடினார்கள். களத்தில் இறங்க ஆறு பேர் போதும் என்பதால், அந்த வீட்டிலேயே ஒரு டீம் இருந்தது! ஜிம்மி குதித்தால் ஒரு கணம் காற்றிலேயே நிற்பார், தடுக்க எழும்பியவர்கள் கீழே இறங்கும்போதுதான் பந்தை அடிப்பார் என்று ஆட்டத்தை நேரில் பார்த்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

1974இல் டெஹ்ரான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியாவுக்காக ஆடியபோது அவருக்கு வயது 19. 21 வயதில் அர்ஜுனா விருது. அதே வருடம், 1976இல், மருத்துவப் படிப்பை விட்டுவிட்டுக் கேரளப் போலீசில் சேர்ந்தார். இந்த இடத்தில் உங்களுக்குப் பகீரென்று இருக்கும். படிப்பை விடுவதை நம் பிள்ளைகளுக்கு வழியாக நான் காட்டவில்லை. அது அவர் தனக்காக எடுத்த முடிவு. நான் கவனிக்கச் சொல்வது அதற்கு முந்தைய வருடங்களை. பள்ளியிலும் கல்லூரியிலும் விடாமல் ஆடிய பையன்தான் மருத்துவப் படிப்பு வரை போனான். மைதானம் அவனை மறிக்கவில்லை.

அப்புறம் அபுதாபி கிளப், அங்கிருந்து இத்தாலி. உலகின் சிறந்த வீரர்களெல்லாம் ஆடிய லீக் அது. இந்திய வாலிபால் வீரர் ஒருவர் அங்கே போய் நட்சத்திரமானது சாதாரண விஷயமில்லை. 1986 சியோல் ஆசியப் போட்டியில் வெண்கலம் வென்ற இந்திய அணியிலும் அவர் இருந்தார். அதற்குப் பிறகு ஆசியப் போட்டி வாலிபாலில் நமக்குப் பதக்கமே இல்லை. 1987 நவம்பர் 30 அன்று இத்தாலியில் நடந்த கார் விபத்தில் ஜிம்மி இறந்துபோனார். வயது 32தான். மோன்டிகியாரி என்ற இத்தாலிய ஊரில் உள்ளரங்கத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். திருவனந்தபுரத்திலும் அவர் பெயரில் ஓர் அரங்கம் உண்டு.

அந்த வீட்டில் வந்த பழக்கம் அவரோடு முடியவில்லை. அவருடைய தம்பி ராபர்ட் பாபி ஜார்ஜ் பயிற்சி கொடுத்துத்தான், அந்தத் தம்பியின் மனைவி அஞ்சு பாபி ஜார்ஜ் 2003 உலகத் தடகளப் போட்டியில், நீளம் தாண்டுதலில் வெண்கலம் வென்றார்.

நம் பிள்ளைகள் எல்லோரும் இந்திய அணிக்குப் போவார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவர் பிள்ளைகளோடு களத்தில் நின்றார். நான் உங்களிடம் எதிர்பார்ப்பதும் அதைத்தான். மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போட வருகிறீர்கள், நல்லது. ஒரு சனிக்கிழமை மாலை பிள்ளை ஆடுவதையும் வந்து பாருங்கள். அம்மாக்களும் வாருங்கள், மகள்களை மட்டும் முதலில் நிறுத்திவிடுவது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது.

சரி, ஏற்பாடு இதுதான். பயிற்சி மாலை 4.30 முதல் 5.45 வரை. பத்தாம் வகுப்புக்குத் திங்கள், புதன், வெள்ளி மட்டும். தேர்வு வாரத்தில் யாருக்கும் கிடையாது. பெண் பிள்ளைகள் கிளம்பும் வரை ஆசிரியை ஒருவர் மைதானத்தில் இருப்பார். மார்க் குறைந்தால் வகுப்பாசிரியர், பி.டி. சார், நீங்கள், நான் நால்வரும் உட்கார்ந்து பேசலாம். அதற்கு முன் பிள்ளையை நிறுத்த வேண்டாம். வேலைவாய்ப்பைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. எந்த அளவுப் போட்டிகளில் ஆடியிருக்க வேண்டும் என்பதைப் பி.டி. சார் விளக்குவார்.

இத்துடன் உள்ள ஒப்புதல் படிவத்தை நிரப்பி, வரும் வெள்ளிக்கிழமைக்குள் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்